மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரியும் ஒரு கிராபிக்ஸ் கார்டும்

விலை கேட்பதற்குக் காசு கிடையாது என்று எல்லோரும் நம்புகிறார்கள். நானும் ஐம்பது வயது வரை அப்படித்தான் நம்பினேன். வெறுமனே விலை கேட்டதற்காக மட்டும் நாலாயிரத்து நூறு ரூபாய் கொடுத்தவன் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (பொருளுக்கான விலை தனி.)

தொண்ணூறுகளின் கடைசி. அப்போது நான் ஒரு பஞ்சாலையில் உள்தணிக்கை அதிகாரி. ஆலைக்குள் ஒரு பல்பு வாங்குவதென்றாலும் மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்க வேண்டும். மூன்றையும் கட்டம் போட்டு ஒப்பிட வேண்டும். குறைந்த விலைக்காரரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் வாங்கினால் அதற்கு எழுத்தில் காரணம் வேண்டும். காரணம் என் மேஜைக்கு வரும். நான் அதை நம்ப மாட்டேன். மனிதர்களை நான் திருடர்கள் என்று நினைத்ததே இல்லை. இன்னும் நிரூபணமாகவில்லை என்றுதான் நினைப்பேன்.

சரிபார்த்த எதன்மேலும் மூலையில் பச்சைப் பென்சிலால் ஒரு சின்ன டிக் போடுவது என் வழக்கம். நாளடைவில் அது கையோடு ஒட்டிக்கொண்டது. வீட்டில் பால் அட்டை, காஸ் சீட்டு, மின்சார பில் எல்லாவற்றிலும் டிக். ஒரு முறை உறவுக்காரர் கொடுத்த கல்யாணப் பத்திரிகையில், அவர் எதிரிலேயே, முகூர்த்த நேரத்தின் பக்கத்தில் போட்டுவிட்டேன். அவர் போன பிறகு என் மனைவி ருக்குமணி கேட்டாள்:

"ஏனுங்க, என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இன்னும் ரெண்டு எடத்துல கொட்டேஷன் வாங்கிப்போட்டுத்தான் வந்தீங்களா?"

நான் பத்திரிகையை மடித்து உறைக்குள் போட்டேன். (மூன்று இடம் பார்த்தது உண்மை.)

எங்கள் ஒரே மகள் நந்தினி. பட்டப்படிப்பை முடித்துவிட்டு, கம்ப்யூட்டரில் படம் வரையும் கோர்ஸ் ஒன்றையும் முடித்துவிட்டு, முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள். அதை அவள் தொழில் என்றாள். நான் உட்கார்ந்திருப்பது என்றேன். வங்கித் தேர்வு எழுதச் சொல்லி விண்ணப்பப் படிவம் வாங்கி, அவள் பெயரை நானே பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அது மூன்று வாரமாக அங்கேயே இருந்தது. காபி டம்ளர் வைக்க உபயோகப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு முதல் ஆர்டர் வந்தது. கணபதிப் பகுதியில் பம்பு தயாரிக்கும் ஒருவர் தொழிற்கண்காட்சியில் கடை போடுகிறார். அவருடைய பம்பு கம்ப்யூட்டர் திரையில் தானாகச் சுற்ற வேண்டும். பிறகு இரண்டாகப் பிளந்து உள்ளே இருக்கும் சக்கரம் ஓடுவதைக் காட்ட வேண்டும். நன்றாக அமைந்தால் வருஷம் முழுக்க வேலை தருவதாகச் சொல்லி அட்வான்சும் கொடுத்திருந்தார். எனக்கும் நந்தினிக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பம்பு சுற்றினால் அவள் தொழிலைப் பற்றி நான் வாய் திறக்கக்கூடாது. சுற்றாவிட்டால் அவள் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

பம்பு சுற்றியது. ஆனால் செக்குமாடு போலச் சுற்றியது. ஒரு அடி நகர்ந்து, நின்று, யோசித்து, மறுபடி ஒரு அடி. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கிராபிக்ஸ் கார்டு என்று ஓர் அட்டையைச் செருகினால்தான் படம் திக்காமல் ஓடுமாம். எந்தக் கார்டு என்பதையும், கிராஸ் கட் ரோட்டில் ரங்கராஜ் கடையில் ஏழாயிரத்து எண்ணூறுக்குக் கிடைக்கிறது என்பதையும் அவளே விசாரித்து வைத்திருந்தாள். பணம் மட்டும் கேட்டாள். கண்காட்சி முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொன்னாள்.

பணத்தை அவள் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும்.

"நானே வாங்கிட்டு வர்றேன் கண்ணு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்பா, நேராப் போயி வாங்கிட்டு வந்துருங்க. வேற ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க."

நான் செய்த முதல் காரியம், அவள் வாங்கும் கம்ப்யூட்டர் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தது. அதில் விலைப்பட்டியல் உண்டு. அந்தக் கார்டின் பட்டியல் விலை ஒன்பதாயிரத்து இருநூறு. பத்திரிகையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன்.

ரங்கராஜுக்கு முப்பது வயதிருக்கும். கடை ஒரு ரயில் பெட்டியில் பாதி. அட்டைப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்து, ஏழாயிரத்து எண்ணூறு என்றார். நான் பத்திரிகையை விரித்தேன்.

"இதுல ஒம்பதாயிரத்து எரநூறு போட்டிருக்குதே."

"அது பொஸ்தகத்து ரேட்டுங்க சார். பொஸ்தகத்து ரேட்டுக்குப் பொஸ்தகந்தான் வாங்கும்."

"நீங்க ஏன் கொறைச்சுச் சொல்றீங்க?"

 விலை அதிகம் என்று சண்டை போடுகிறவர்களை அவருக்குப் பழக்கம். விலை குறைவு என்று சண்டைக்கு வந்தவன் நான்தான் முதல் ஆளாக இருக்க வேண்டும்.

"கொறைச்சுச் சொன்னா என்னங்க சார் தப்பு?"

"தப்பு எதுன்னு தெரியாமத்தான் கேக்கறேன்" என்றேன்.

ஆயிரத்து நானூறு ரூபாய் வித்தியாசம். அந்தப் பணம் எங்கே போயிற்று? தணிக்கையில் காணாமல் போன தொகை நமக்குச் சாதகமாகக் காணாமல் போயிருந்தாலும் காணாமல் போனதுதான். பழைய சரக்கா? பழுது பார்த்ததா? கப்பலிலிருந்து இறங்கிய வழி சரியில்லையா? அட்டைப்பெட்டியை ஆறு பக்கமும் திருப்பினேன். குறை ஒன்றும் தெரியவில்லை. அது சந்தேகத்தை அதிகமாக்கியது. அப்போது ரங்கராஜ் வெகு சாதாரணமாக, பில்லோடு வேண்டுமா, பில் இல்லாமல் வேண்டுமா என்று கேட்டார். (ஒரு தணிக்கை அதிகாரியிடம்!) அத்தோடு என் முடிவு உறுதியாயிற்று. மூன்று கொட்டேஷன் இல்லாமல் இந்தக் கடையில் ஒரு குண்டூசி வாங்குவதில்லை.

கிளம்பும்போது ரங்கராஜ் சொன்னார், "ஒரே பீஸ்தானுங்க சார் இருக்குது. எடுத்துக்கறதுன்னா இப்பவே எடுத்துக்கங்க."

ஒரே பீஸ், கடைசி பீஸ், இன்றைக்கு மட்டும் இந்த ரேட்டு. இந்த மூன்று வாக்கியங்களையும் நம்பியவர்களின் ஃபைல்களை இருபத்தைந்து வருஷமாகப் படித்தவன் நான். லேசாகச் சிரித்துவிட்டு, அவர் போனை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, பெட்டியின் மூலையில் பச்சைப் பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டு வந்தேன். நாளை வேறு பெட்டியைத் தலையில் கட்டினால் கண்டுபிடிக்க வேண்டுமே.

மறுநாள் நூறடி ரோட்டில் காதர் பாய் கடைக்குப் போனேன். ரேடியோ, டேப் ரிக்கார்டர் விற்றுக்கொண்டிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியவர். நல்ல மனிதர். கார்டு இருக்கிறது, அரை மணி நேரம் உட்காருங்கள் என்று சொல்லி, பக்கத்து பேக்கரியில் டீ சொன்னார். பிறகு போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார். (தாழ்ந்த குரல் என்பதை மனதில் குறித்துக்கொண்டேன்.) டீ தீர்வதற்குள் டி.வி.எஸ். வண்டியில் ஓர் ஆள் வந்து, செய்தித்தாளில் சுற்றிய பெட்டியை வைத்துவிட்டுப் போனார். பாய் தாளைப் பிரித்தார். மூலையில் பச்சை டிக்.

என் டிக்.

 விலை என்ன என்று கேட்டேன். எட்டாயிரத்து முந்நூறு என்றார்.

"இது எங்கிருந்து வந்துச்சுங்க?" என்று கேட்டேன்.

"ரங்கராஜு கடைல இருந்துங்க சார்" என்றார் பாய், மறைக்காமல். "எங்ககிட்ட இல்லைன்னா அங்க எடுப்போம். அங்க இல்லைன்னா இங்க வருவாங்க. இந்தக் கார்டு ஊருக்குள்ள இப்போதைக்கு இது ஒண்ணுதானுங்க."

இவ்வளவு வெளிப்படையான வாக்குமூலத்தை என் சர்வீஸில் எந்த ஸ்டோர் கீப்பரும் தந்ததில்லை. அதனாலேயே நான் நம்பவில்லை. இரண்டு கடைக்காரர்களும் கூட்டு. ஒரே சரக்கை இரண்டு விலைக்குக் காட்டி, முதல் விலையை நல்ல விலை என்று நினைக்க வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்து வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு, கடை, நாள், விலை, ஐயப்பாடு என்று நான்கு பத்திகள் பிரித்தேன். ஐயப்பாட்டுப் பத்தி மற்ற மூன்றையும்விட அகலமாக அமைந்தது.

என் முகம் இரண்டு கடையிலும் தெரிந்துவிட்டது. ஆகவே மூன்றாவது கொட்டேஷனுக்கு என் உதவியாளர் பழனிச்சாமியை மதிய உணவு நேரத்தில், பெட்டி திரும்பிப் போயிருக்கும் ரங்கராஜ் கடைக்கு அனுப்பினேன். அவர் சாப்பிடாமல் போய்விட்டு வந்து, எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்றார். ஏன் ஏறியது என்று கேட்டாராம். டாலர் ஏறிவிட்டதாகச் சொன்னார்களாம். நான் செய்தித்தாளை எடுத்துப் பார்த்தேன். டாலர் சில பைசாதான் நகர்ந்திருந்தது.

நான்காவதாக ருக்குமணியை அனுப்பினேன். கிராஸ் கட் ரோட்டில் ரவிக்கைத் துணி எடுக்கப் போகிறவள் அப்படியே ரங்கராஜிடம் கேட்டுவிட்டு வரட்டும் என்று, என்ன கேட்க வேண்டும், என்ன கேட்கக்கூடாது, கணவர் பெயர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் பயிற்சி கொடுத்தேன். அவள் ஒன்பதாயிரத்து நானூறோடும் இரண்டு ரவிக்கைத் துணியோடும் திரும்பினாள். பட்டியல் விலையைத் தாண்டிவிட்டது.

"ஏனுங்க, அந்தப் பையன் என்னையப் பாத்ததும், நீங்களும் அந்தக் கார்டுக்குத்தானுங்களான்னு கேக்கறான். நெறையப் பேரு கேக்கறாங்க போலிருக்குதுங்க. பேசாம வாங்கிப்போடுங்களே."

"உன்ன அடையாளம் கண்டுட்டாங்க" என்றேன்.

நந்தினி அந்தப் பக்கமாக வந்து என் கட்டம் போட்ட தாளை எடுத்துப் பார்த்தாள்.  "அப்பா, இருக்கறது ஒரே கார்டுப்பா. இத்தன பேரு போயிக் கேட்டா என்னங்கப்பா ஆகும்?" என்றாள். நான் அவளுக்கு உலகம் தெரியாது என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டேன்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலை, வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விலையா? அதைத் தெரிந்துகொள்ள ஒரு வெளியூர்க்காரர் தேவைப்பட்டார். மில்லுக்குப் பக்கத்து டெலிபோன் பூத்தில் என்ன ஊர் சொல்வது என்று யோசித்து நின்றபோது, எதிரே ஒரு லாரி நின்றது. பக்கவாட்டில் மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டி ஒன்றின் பெயர் எழுதியிருந்தது. அந்த நிமிஷம் நான் பாக்கு வியாபாரியானேன். (உண்மையில் அன்று காலையே குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கனத்த குரலுக்கு ஒத்திகை பார்த்திருந்தேன். ஊரும் தொழிலும் மட்டும்தான் பாக்கி.) வெற்றிலை போட்ட வாய்போல ஒலிப்பதற்காகத் தேங்காய் பன் ஒன்றை வாங்கி, ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன்.

"ஏனுங்க, மேட்டுப்பாளையத்துல இருந்து பேசறனுங்க. பாக்கு மண்டி. நம்ம பையனுக்கு ஒரு கார்டு வேணுமுங்க."

பாக்கு மண்டிக்காரர் வீட்டில் இதை வைத்து என்ன செய்வார்கள் என்று ரங்கராஜ் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் போனை வைத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. வியாபாரி காரணம் கேட்பதில்லை. பத்தாயிரத்து இருநூறு என்றார். அத்தோடு நன்றி சொல்லி வைத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வேஷம் பிடித்துப்போயிற்று. இருபத்தைந்து வருஷம் பிறர் செலவைக் குறைத்தே வாழ்ந்தவன், முதல் முறையாகப் பணக்காரனாகப் பேசுகிறேன். "பணத்தப் பத்திக் கவலப்படாதீங்க. யாருக்கும் குடுத்துராதீங்க. ஞாயித்துக்கெழம காரு அனுப்பறேன்" என்று சொன்னேன். சொல்லும்போது நிஜமாகவே ஒரு கார் வைத்திருப்பவன்போல நெஞ்சு நிமிர்ந்தது. பன் தொண்டையில் மாட்டிக்கொண்டு இருமல் வந்ததால் வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அன்னூரிலிருந்து மச்சான் வந்தார். ருக்குமணியின் அண்ணன். கிணற்றுக்கு மோட்டார் வாங்க வந்தவர், அதற்கான பணத்தைத் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டியிருந்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் அவிநாசிப் பக்கத்துச் சந்தை ஒன்றில் ஒரு ஜோடிக் காங்கேயம் காளையைப் பார்த்துப் பிடித்துப்போய், விலையை நாளைக்குக் குறைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். விடிந்து போனால், வேறொருவர் முன்பணம் கொடுத்துக் கயிற்றைப் பிடித்துவிட்டார். கயிற்றைப் பிடித்தவர் மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி. இதை மச்சான் ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்வார். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்று காலை மட்டும் நினைவுக்கு வரவில்லை.

மச்சானிடம் கார்டின் பெயரை எழுதிக்கொடுத்து, ரங்கராஜ் கடைக்கு அனுப்பினேன். நாங்கள் ஏற்கெனவே கேட்டதைச் சொல்லவில்லை. புது ஆள் ஒன்றும் தெரியாமல் போனால்தான் உண்மை விலை வரும் என்பது என் கணக்கு. "வாங்க வேண்டாமுங்க மச்சான், கேட்டுட்டு மட்டும் வாங்க" என்று இரண்டு தரம் சொன்னேன். கேட்பதில் என்ன இருக்கிறது என்று அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் போய் ஒரு மணி நேரம் கழித்து நந்தினி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கையில் அந்த வங்கிப் படிவம். டம்ளர் வைத்த வட்டங்களோடு.

"திங்கக்கெழம காத்தால கம்பெனிக்காரரு வந்து பாக்கறேன்னிருக்காருங்கப்பா. இனிமேக் கார்டு வந்தாலும் வேல முடியுமான்னு தெரியல. அட்வான்சத் திருப்பிக் குடுத்துர்றேன். நீங்க சொன்ன மாதிரியே பரீட்ச எழுதறேன்."

அழவில்லை. கோபமும் இல்லை. பேனாவை மூடி கழற்றித் தயாராக வைத்திருந்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்பதைத்தான் அவள் சொன்னாள். ஆனால் என் கை பச்சைப் பென்சிலைத் தேடவில்லை. விலைப்பட்டியல், கூட்டுச்சதி, டாலர் எல்லாம் ஒரு பக்கம் போயிற்று. இரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் ஒரே ஒரு பொருள்தான் கேட்டிருக்கிறாள், அதற்கு நான் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது.

"கையெழுத்துப் போடாத அம்மணி. இரு" என்று சொல்லி, பீரோவில் இருந்ததை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

ரங்கராஜ் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"போயிருச்சுங்க சார். கால் மணி நேரந்தான் ஆகுது."

"எவ்வளவுக்கு?"

"பதினொண்ணு தொள்ளாயிரம்."

 யார் வாங்கியது என்று கேட்டேன்.

"வெளியூர்க்காரரு ஒருத்தருங்க. மொதல்ல சும்மாதானுங்க வெல கேட்டாரு. மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிக்காரரு நாளைக்குக் காரு அனுப்பறேன்னிருக்காருன்னு ஒரு வார்த்த சொன்னேன். அவ்வளவுதானுங்க. அப்புறம் ரேட்டே பேசல. துண்ட அவுத்து நோட்ட டேபிள் மேல வெச்சுட்டாருங்க."

கேட்பவர் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. ஆளே இல்லாமல் ஒரு போலி வாங்குபவரைக் கிளப்பி, நாளைக்குப் பதின்மூன்றாயிரம் கேட்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வழியெல்லாம் நுகர்வோர் மன்றத்துக்கு மனு எழுதிக்கொண்டே வந்தேன். காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது நாலாவது பத்தி வரை வந்திருந்தேன். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துத்தான் பச்சை விளக்கைப் பார்த்தேன்.

வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் அந்தப் பெட்டி இருந்தது. மூலையில் பச்சை டிக்.

பக்கத்தில் மச்சான், மோர் டம்ளரோடு. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் மகன் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"கவுறப் புடிச்சுப்போட்டனுங்க மாப்ள" என்றார். "மேட்டுப்பாளையத்தான் கண்ணு வெச்சிருந்தான். பாக்கு மண்டிக்காரன். நாளைக்குக் காரு அனுப்பறானாமா. அனுப்பட்டும். வெறுங்காரு திரும்பிப் போகட்டும். ஒருக்காத்தான் உடுவேன். ரெண்டு தடவ உடுவனா?"

"கேட்டுட்டு வரத்தானுங்களே சொன்னேன்" என்றேன். 

"கேட்டா, அவன் புடிச்சுட்டுப் போறதுக்கா? நம்ம அம்மணி சாமானுங்க மாப்ள. கமிஷனெல்லாம் எனக்கு வேண்டாம். மோட்டாருக்கு வெச்ச பணத்த மட்டும் குடுத்துப்போடுங்க."

பீரோவில் இருந்ததும் ருக்குமணியின் அஞ்சறைப் பெட்டியில் இருந்ததும் சேர்ந்து பதினோராயிரத்துத் தொள்ளாயிரம் ஆயிற்று. கொடுத்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்து என் கட்டம் போட்ட தாளை எடுத்துப் பார்த்தேன். ரங்கராஜ் கடையில் நான். பாய் கடையில் நான். பழனிச்சாமியை அனுப்பியது நான். ருக்குமணியை அனுப்பியது நான். பாக்கு வியாபாரி நான். அந்த வாரம் கோயமுத்தூரில் அந்தக் கார்டைக் கேட்ட எல்லோருமே என் ஆட்கள். ஏலத்தில் வேறு யாருமே இல்லை. கடைசியில் பாக்கு வியாபாரியாகிய என்னைத் தோற்கடித்து, என் பணத்தில், என் மச்சான் எனக்கே வாங்கி வந்திருக்கிறார். ஐயப்பாட்டுப் பத்தியில் நிறைய எழுதியிருந்தேன். இது மட்டும் அதில் இல்லை.

"ஏனுங்க, பாக்கு யாவாரிக்கு இது எதுக்குங்க?" என்று ருக்குமணி பொதுவாகக் கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்" என்றேன். இரண்டு முறை இருமினேன். கனத்த இருமல்.

நந்தினி பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு குளியலறைக் கதவைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை தணிக்கையில் தேறிய பார்வை. என் மகள் என்பதில் எனக்கு இருந்த எல்லாச் சந்தேகமும் அப்போது தீர்ந்தது.

மச்சான் கை கழுவப் போன நேரம், படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்து, மெதுவாகச் சொன்னாள்:

"அந்தப் பாக்கு யாவாரி இனிமே எங்கிட்டப் பேங்க் பரீட்சையப் பத்திப் பேச மாட்டாருன்னு நெனைக்கறேனுங்கப்பா. பேசுனாருன்னா மாமங்கிட்ட ஆளு யாருன்னு சொல்லிப்போடுவேன்."

நான் படிவத்தை நான்காகக் கிழித்தேன். நடைமுறைப்படி ரத்து செய்யும் ஆவணத்தில் காரணம் குறிப்பிட வேண்டும். குறிப்பிடவில்லை.

திங்கட்கிழமை கணபதிக்காரர் வந்தார். அந்த ஒன்றரை நாளும் நந்தினி நாற்காலியை விட்டு எழுந்ததாக எனக்கு நினைவில்லை. திரையில் பம்பு எண்ணெய் போட்டதுபோலச் சுற்றி, இரண்டாகப் பிளந்து, உள்ளே சக்கரத்தைக் காட்டியது. அவர் மறுபடி ஒரு தரம் போடச் சொன்னார். பிறகு, தன் மனைவியை அழைத்து வந்து இன்னொரு தரம் பார்க்கலாமா என்று கேட்டார். வருஷ வேலை கிடைத்தது. அடுத்த வருஷமும் கிடைத்தது. இப்போது அவளுக்கு அவிநாசி ரோட்டில் ஆபீஸ் இருக்கிறது. அங்கே சாமான் வாங்குவதற்கு ஒரு விதி உண்டு என்று அவளிடம் வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள். வாங்கி முடித்த பிறகுதான் எனக்குச் சொல்ல வேண்டுமாம்.

பாவம், கடைக்காரர்கள்தான். ஊரில் அந்தக் கார்டுக்கு அப்படி ஒரு கிராக்கி என்று நம்பி, ரங்கராஜும் பாயும் சேர்ந்து சென்னையிலிருந்து ஒரு பெட்டி நிறைய வரவழைத்துவிட்டார்கள். அடுத்த மாதமே விலை ஆறாயிரத்துக்கும் கீழே போயிற்று. வாங்க ஆளில்லை. கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்றன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் ஸ்கூட்டரை வேகமாக ஓட்டினேன். ஒரு நாள் பேக்கரி வாசலில் பாய் என்னைப் பிடித்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்து, தயங்கித் தயங்கி, அதே தாழ்ந்த குரலில் கேட்டார்:

"சார், நீங்க பெரிய எடத்துல வேல பாக்கறீங்க. மேட்டுப்பாளையத்துல பாக்கு மண்டிக்காரங்க யாராச்சும் பழக்கமுங்களா? ஒருத்தரு காரு அனுப்பறேன்னாரு. வரவே இல்லீங்க."

எனக்கு அப்படி யாரும் பழக்கமில்லை என்றேன். அந்த டீக்கு நான்தான் காசு கொடுத்தேன். பிறகு ஒரு கீபோர்டும், தேவையே இல்லாமல் இரண்டு மவுசும், விலை கேட்காமல் அவரிடம் வாங்கினேன். ருக்குமணி எனக்குக் காய்ச்சல் என்று நினைத்தாள்.

ருக்குமணிக்கு விஷயம் அந்த வாரமே தெரிந்துவிட்டது. பிறகு குடும்பத்தில் ஒவ்வொருவருக்காகத் தெரிந்தது. தக்காளி விலை ஏறினாலும், பவுன் ஏறினாலும், எங்கள் வீட்டில் யாரும் அரசாங்கத்தைக் குறை சொல்வதில்லை. பாக்கு வியாபாரி போன் பண்ணிவிட்டார் என்பார்கள். தெரியாத ஒரே ஆள் மச்சான். சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. காளை போன துக்கம் அவருக்கு அந்தச் சனிக்கிழமையோடு தீர்ந்திருந்தது. கல்யாண வீடுகளில் காளைக் கதை நின்றுபோய், அதற்குப் பதிலாகக் கார்டுக் கதை வந்திருந்தது.

போன மாதம் பேரனுக்குக் காது குத்து. மச்சானுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, எதிர் வரிசைக்கெல்லாம் கேட்கும்படி கதையை ஆரம்பித்தார். வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து, இப்போது பாக்கு வியாபாரி காரில் கடை வாசலுக்கே வந்துவிடுகிறார். இருபதாயிரம் வரை ஏற்றிக் கேட்கிறார். மீசை இருக்கிறது. மச்சான் துண்டை அவிழ்த்ததும் முகம் செத்துப்போய்த் திரும்புகிறார். எதிர் வரிசையில் ஒருவரும் நிமிரவில்லை. எல்லோரும் இலையையே பார்த்துச் சாப்பிட்டார்கள். சிலருடைய தோள் மட்டும் குலுங்கியது.

"நீங்கதான் அன்னைக்கு அந்தக் கடைக்குப் போனீங்களே மாப்ள. அவன் மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார்.

"பாத்தேனுங்க மச்சான்" என்றேன். "பாக்கச் சகிக்கல."

"அப்படித்தான் வேணும்" என்று சொல்லி, ரசத்துக்குக் குழி பண்ணினார். பிறகு, ஜெயித்தவருக்கு உரிய இரக்கத்தோடு, "இத்தன வருஷமாச்சு. அந்த ஆளு இருக்கானோ, போயிட்டானோ" என்றார்.

நந்தினி அப்பளக் கூடையோடு பரிமாறிக்கொண்டு வந்தாள்.

"நல்லாத்தான் இருக்காருங்க மாமா" என்றாள், என் இலையில் இரண்டு அப்பளத்தை வைத்தபடி. "காத்தாலகூடப் பந்தல்காரங்கிட்ட வெல கேட்டுட்டு நின்னாரு."